மீதி நேரத்தைத் திருப்பித் தருகிறேன்

எலிஹியோவின் வழக்கு பதினோரு வருடமாக நடந்துகொண்டிருந்தது. காகிதத்தில் அப்படித்தான் எழுதுவார்கள், நடந்துகொண்டிருக்கிறது என்று. உண்மையில் அது ஒரு அலமாரியில் படுத்துக் கிடந்தது. வண்டியின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று லார்க்கின் ஊர்ப் போலீஸ்காரர் நிறுத்திய அன்று தொடங்கிய நாடுகடத்தல் வழக்கு. விளக்கை எலிஹியோ மறுநாளே மாற்றினார். நாலு வருடம் கழித்து வண்டியையே மாற்றினார். வழக்கு மட்டும் அப்படியே இருந்தது.

குவாத்தமாலாவிலிருந்து அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் இருபது வருடம் லார்க்கின் இறைச்சி ஆலையில் நின்றிருக்கிறார். உட்கார்ந்து செய்கிற வேலை அங்கே கிடையாது. சங்கிலியில் தொங்கி வரும் மாட்டின் தோள்பகுதியை ஒரே வெட்டில் பிரித்துத் தள்ள வேண்டும். அடுத்தது வருவதற்குள் கத்தியை ஒரு தீட்டு. காலையில் எழுந்தால் வலது கைவிரல்கள் கத்தியைப் பிடித்த மாதிரியே மடங்கிக் கிடக்கும். சுடுதண்ணீரில் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்திய பிறகுதான் பல் விளக்குவார்.

அனுமதி இல்லாமல் வந்தவரை அனுமதியோடு இருக்கவிட ஒரு சட்டம் இருந்தது. அவர் பத்து வருடம் ஒழுங்காக வாழ்ந்திருக்க வேண்டும். அவரை நாடு கடத்தினால், இந்த நாட்டுக் குடியுரிமை உள்ள அவருடைய பிள்ளைக்குத் துன்பம் வர வேண்டும். சும்மா துன்பம் போதாது. அப்பா இல்லாமல் போனால் எந்தப் பிள்ளைக்கும் வருகிற துன்பத்தைச் சட்டம் கண்டுகொள்ளாது. 'விதிவிலக்கான, மிக மிக அசாதாரணமான' துன்பம் வேண்டும். தீர்ப்புச் சொல்கிற நாளில் அந்தப் பிள்ளை இருபத்தொரு வயதுக்குள் இருக்கவும் வேண்டும். இருபத்தொன்று நிறைந்த காலையிலிருந்து பிள்ளைகள் துன்பப்படுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது சட்டத்தின் கண்டுபிடிப்பு.

எலிஹியோவுக்கு ஒரே மகள், யெசெனியா. லார்க்கின் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், ஆகவே குடியுரிமை உண்டு. ஒன்பது வயதிலிருந்து வலிப்பும் உண்டு. அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் இவர்கள் இருவர்தான். வலிப்பு என்ற சொல்லைக் கேட்டபோது வக்கீல் லாரலின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"நல்ல நோய், எலிஹியோ," என்றார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "மன்னிச்சிடுங்க. பதினாறு வருஷமா இதே வேலை பாக்குறேன்ல, நாக்கு இப்படி ஆயிடுச்சு. வழக்குக்கு நல்லதுன்னு சொல்ல வந்தேன்."

விசாரணைத் தேதி ஒருவழியாக வந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. யெசெனியாவுக்கு இருபத்தொன்று நிறைவது அடுத்து வரும் திங்கட்கிழமை. பதினோரு வருடம் காத்திருந்ததில் நாலு நாள் மிச்சம் இருந்தது.

லாரலுக்கு ஒரே ஒரு கவலை. புது மாத்திரை வேலை செய்தது. ஆறு மாதத்தில் யெசெனியாவுக்கு வலிப்பு ஒரு தடவைதான் வந்திருந்தது. "ரெண்டு மூணு தடவை வந்திருந்தா கொஞ்சம் தெம்பா இருந்திருக்கும்," என்று லாரல் பெருமூச்சு விட்டார். அது மகள் காதிலும் விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, மாத்திரையை நாலு நாளைக்கு நிறுத்திப் பாக்கட்டுமா? கோர்ட்ல வச்சு வந்துச்சுன்னா ஜட்ஜே கண்ணால பாத்துடுவாருல்ல?"

எலிஹியோ கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை இப்படிப் பேசினேன்னா, நானே நடந்து போய் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்னுக்குவேன்."

"சரி சரி. சும்மா கேட்டேன்."

அவள் சும்மா கேட்கவில்லை. அன்றிலிருந்து மாத்திரையை அவர் கண்முன்னாலேயே விழுங்கச் சொன்னார். விழுங்கியதும் நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னார். இருபது வயதுப் பெண் நாக்கை நீட்டிக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. தங்கள் வழக்கு மூன்று வருடம் இரண்டு மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. காரணம், வியாழக்கிழமை அந்த நீதிமன்ற அறை வாஷிங்டனிலிருந்து வரும் நாடாளுமன்றக் குழுவுக்குத் தேவைப்படுகிறது. குழு ஆராயப்போகும் பொருள்: 'குடியேற்ற நீதிமன்றங்களில் வழக்குகள் தாமதமாவது ஏன்?' இதற்காக அன்று ஒத்திவைக்கப்பட்ட வழக்குகள் நாற்பத்தொன்று. குழு பள்ளிக்கூட மண்டபத்திலேயே கூடியிருக்கலாம். ஆனால் நீதிபதி மேடைக்குப் பின்னால் கழுகுச் சின்னம் இருக்கிறது, கேமராவில் அது நன்றாகத் தெரியும் என்று சொன்னார்களாம்.

லாரல் போனில் மூச்சிரைக்கப் பேசினார். "நான் ஜட்ஜைப் பாத்துட்டேன். நல்ல மனுஷன். குழு மூணு மணிக்குள்ள ரூமைக் காலி பண்ணிட்டா, உங்க வழக்கை அன்னைக்கே எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. ஒரு மணி நேரம் போதுமாம். ஆனா நாலரைக்குக் கோர்ட் நேரம் முடிஞ்சுடும்."

"அப்ப நாங்க வெளியில காத்திருக்கணுமா?"

"அங்கதான் சிக்கல். அன்னைக்குக் கட்டிடத்துக்குள்ள குழு உறுப்பினரையும் சாட்சியையும் தவிர யாரையும் விடமாட்டாங்க. சாட்சிகூடத் துணைக்கு ரெண்டு பேர் வரலாம். தாமதத்தால கஷ்டப்பட்ட ஆள் ஒருத்தர் சாட்சியா வேணும்னு தேடிட்டிருந்தாங்க. உங்க பேரைக் குடுத்துட்டேன்."

அப்படியாக, தன் வழக்கு நடக்கப்போகும் கட்டிடத்துக்குள் நுழைவதற்காக, அந்த வழக்கைத் தள்ளிவைத்த கூட்டத்தில் எலிஹியோ சாட்சி ஆனார்.

புதன்கிழமை ஆலையில் பக்கத்தில் கத்தியோடு நின்றவர் மஜோக். தெற்கு சூடான்காரர். ஆறரை அடி உயரம். அகதியாக வந்து குடியுரிமை வாங்கிவிட்டதால் எல்லாரையும் பயமில்லாமல் கிண்டல் செய்வார்.

"உன்னைக் கூப்பிட்டது மதில்காரங்களா, பாதைக்காரங்களா?"

ஆலையில் இரண்டு கட்சிகளுக்கும் வைத்திருந்த பெயர் அது. ஒரு கட்சி எல்லையில் மதில் கட்டுவோம், வந்தவர்களைத் திருப்பி அனுப்புவோம் என்றது. இன்னொரு கட்சி குடியுரிமைக்குப் பாதை போடுவோம் என்றது. இருபத்திரண்டு வருடத்தில் மதிலும் முடியவில்லை, பாதையும் போடப்படவில்லை. இரண்டுமே கட்டுமான வேலைதான். அதில் கல் சுமக்கப்போகிறவர்கள் யார் என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இருந்ததாக மஜோக் கேள்விப்பட்டதில்லை.

"ரெண்டு பேரும் சேந்துதான் கூப்பிட்டிருக்காங்க," என்றார் எலிஹியோ.

"ரெண்டு பேருமா? போச்சு. நீ செத்தே மச்சான்." மஜோக் ஒரு தோளை வெட்டித் தள்ளினார். "இத பாரு. அழாதே. அழுதேன்னா ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கூட எடுத்துக்குவாங்க. சிரிச்சேன்னா இன்னும் மோசம். கேட்டதுக்கு ஆமா, இல்ல. கடைசியில ஏதாச்சும் சொல்லணுமான்னு கேப்பாங்க. சொல்ல ஒண்ணுமில்ல ஐயான்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்."

"சொல்ல ஒண்ணுமில்ல, ஐயா."

"அவ்வளவுதான். பேசாத மாட்டுக்குத்தான் வெட்டு சுத்தமா விழும்." சொல்லிவிட்டு, உதாரணம் சரியில்லை என்று மஜோக்குக்கே தோன்றியது. அடுத்த தோள் வந்துவிட்டதால் இருவரும் பேச்சை விட்டார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே, நகரத்து நீதிமன்ற வாசலில் இரண்டு இளைஞர்கள் எலிஹியோவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் சிவப்பு டை, மதில்காரர்களின் உதவியாளன். இன்னொருவன் நீல டை, பாதைக்காரர்களின் உதவியாளன்.

நீல டைக்காரனுக்கு அவர் ஆலை உடுப்பில் வராதது பெரிய ஏமாற்றம். "வெள்ளைக் கோட்டு, ஹெல்மெட்டு, அந்த ரப்பர் பூட்ஸ்... ரத்தக்கறை கொஞ்சம் இருந்தாக்கூடப் பரவாயில்லன்னு மின்னஞ்சல்ல எழுதியிருந்தேனே!"

"கோட்டு சூட்டுல வந்தது ரொம்பச் சரி," என்றான் சிவப்பு டைக்காரன். "பாவம் பாக்குற மாதிரி இருந்தா அது பக்கச்சார்பு ஆயிடும்."

கால் மணி நேரம் பேசி உடன்பாட்டுக்கு வந்தார்கள். எலிஹியோ சூட்டிலேயே இருப்பார், ஹெல்மெட் மேசைமேல் இருக்கும். ஹெல்மெட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். லார்க்கினுக்குப் போய்வர நேரமில்லாததால் பக்கத்தில் கட்டிடம் கட்டுகிறவர்களிடமிருந்து மஞ்சள் ஹெல்மெட் ஒன்று வந்தது. இறைச்சி ஆலையில் மஞ்சள் போடுவது பயிற்சிக்கு வந்தவர்கள்தான் என்று எலிஹியோ சொல்லப் பார்த்தார். அது சாட்சியத்தில் சேராது என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

உள்ளே, நீதிபதி உட்காரும் மேடையில் பன்னிரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். நடுவில் குழுத் தலைவர் டன்மோர், மதில்காரர். அவருக்குப் பக்கத்தில் ஹேல் அம்மையார், பாதைக்காரர்களின் மூத்த உறுப்பினர். சாட்சி மேசையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஐந்து நிமிடம். பச்சையில் பேச வேண்டும், மஞ்சளில் முடிக்க வேண்டும், சிவப்பில் நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடம் தேவைப்படாதவர் 'மீதி நேரத்தைத் திருப்பித் தருகிறேன்' என்று சொல்லி முடிக்கலாம். அது அங்கே பெரிய மரியாதை.

ஆலையில் கழிப்பறைக்குப் போகக் கை தூக்கினால் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். ஆகவே ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது எலிஹியோவுக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு ஐந்து அறுபது. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு. அதற்குப் பின்னால் நீதிபதி அவர் கோப்பை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று லாரல் காதில் சொன்னார். பின்வரிசையில் யெசெனியா கை அசைத்தாள்.

முதல் பிரச்சினை பெயர்ப்பலகையில் வந்தது. பலகையில் பெயருக்குக் கீழே அவர் யார் என்று எழுத வேண்டும். டன்மோர் தரப்பு 'சட்டவிரோதமாக வந்தவர்' என்று அச்சடித்துக் கொண்டுவந்திருந்தது. ஹேல் தரப்பு 'ஆவணமற்ற அண்டை வீட்டார்' என்று அச்சடித்திருந்தது.

"என் மதிப்புக்குரிய நண்பர், இந்த மேசையிலேயே எல்லையைத் திறந்துவிடப் பார்க்கிறார்," என்றார் டன்மோர். அந்தக் குழுவில் ஒருவர் இன்னொருவரை மதிப்புக்குரிய நண்பர் என்று அழைத்தால் அடுத்து வருவது வசவு என்று எல்லாருக்கும் தெரியும்.

"என் மிகவும் மதிப்புக்குரிய நண்பர், ஒரு மனிதரையே சட்டவிரோதம் என்கிறார்," என்றார் ஹேல் அம்மையார்.

வாக்கெடுப்பு நடந்தது. ஆறுக்கு ஆறு. மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் ஆறுக்கு ஆறு. ஐம்பது நிமிடம் கழித்து 'சாட்சி எண் மூன்று' என்று எழுதிய பலகையை வைத்தார்கள். இடம் போதாததால் பெயரை எடுத்துவிட்டார்கள்.

பிறகு தொடக்க உரைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாத்தா இருந்தார். டன்மோரின் தாத்தா அயர்லாந்திலிருந்து கையில் ஒரே ஒரு பெட்டியோடு கப்பலில் வந்தார். வரிசையில் நின்றார், யாரையும் முந்தவில்லை. ஹேல் அம்மையாரின் தாத்தா நார்வேயிலிருந்து கையில் ஒரே ஒரு பெட்டியோடு வந்தார். இந்த நாடு கையை நீட்டி அவரை வரவேற்றது. மொத்தம் ஒன்பது தாத்தாக்கள் வந்தார்கள். இரண்டு பெட்டியோடு ஒருவரும் வரவில்லை. மதில்காரர்களின் தாத்தாக்கள் வந்த பிறகு கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. பாதைக்காரர்களின் தாத்தாக்கள் வந்த பிறகு கதவு திறந்தே இருந்தது, ஆனால் அதற்கு உரிய குழு இன்னும் அமைக்கப்படவில்லை. எலிஹியோ அனுமதி இல்லாமல் வந்த அன்று கையில் பெட்டியே இல்லை. தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

முதல் சாட்சி மாவட்டப் போலீஸ் தலைவரான ஒரு ஷெரீப், இரண்டாவது ஒரு பேராசிரியர். ஷெரீப் குற்றம் கூடுகிறது என்றார். பேராசிரியர் குறைகிறது என்றார். இருவர் கையிலும் ஒரே வரைபடம் இருந்தது. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

சாட்சி எண் மூன்றின் முறை ஒன்றேகாலுக்கு வந்தது.

"அனுமதி இல்லாம எல்லையைத் தாண்டினீங்க. ஆமாவா, இல்லையா?" என்று கேட்டார் டன்மோர்.

"ஆமா."

"அது சட்டத்துக்கு விரோதம்னு தெரியும். ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"இந்தக் குழு கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு. மீதி நேரத்தைத் திருப்பித் தருகிறேன்."

நாலு நிமிடம் மிச்சம். எலிஹியோவுக்கு அந்த ஆள்மேல் சட்டென்று ஒரு பாசம் வந்தது. எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்து ஹேல் அம்மையார். "எலிஹியோ, உங்களை எலிஹியோன்னு கூப்பிடலாமா? உங்க கண்ணைப் பாக்குறேன். அதுல எங்க தாத்தாவைப் பாக்குறேன்..." பச்சை விளக்கு முழுவதும் தாத்தாவுக்குப் போயிற்று. மஞ்சளில் தாத்தா கடலில் பார்த்த புயல் வந்தது. சிவப்பு எரிந்தபோது, "உங்க கனவு என்ன? ஒரே வார்த்தையில சொல்லுங்க," என்றார்.

'சீக்கிரம்' என்ற வார்த்தைதான் எலிஹியோவின் வாயில் வந்தது. மஜோக் சொன்னது நினைவுக்கு வந்ததால் விழுங்கிவிட்டு, "ஆமா," என்றார். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு அரை நிமிடம் ஆயிற்று.

இப்படியே போயிற்று. வைகிறவர்கள் சீக்கிரம் விட்டார்கள். அன்பு காட்டுகிறவர்கள் விடவில்லை. பிறகு, அன்பு காட்டியவர்கள் அதிக நேரம் எடுத்துவிட்டார்கள் என்று வைகிறவர்களுக்கு ரோஷம் வந்து, அவர்களும் சிவப்பு விளக்கைத் தாண்டினார்கள். ஒருவர் இந்தியாவில் பன்னிரண்டு வருடமாக வரிசையில் நிற்கும் ஒரு பொறியாளரின் படத்தைத் தூக்கிக் காட்டி, "இவருக்கு முன்னால போய் நிக்க உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டார். அந்தப் பொறியாளரை வரிசையில் நிறுத்தியது யார் என்று எலிஹியோவுக்குத் தெரியாது. அவரைப் பார்த்தாலும் களைத்த முகமாகத்தான் இருந்தது. இன்னொருவர் யெசெனியாவின் மாத்திரைப் பாட்டிலைக் கேமராவுக்குக் காட்டச் சொன்னார். உடனே எதிர்த்தரப்பு, மாத்திரை கிடைக்காத ஒரு குடிமகனின் காலிப் பாட்டிலுக்குச் சமநேரம் கேட்டது. கொடுக்கப்பட்டது.

பன்னிரண்டாவது ஆள் மீதி நேரத்தைத் திருப்பித் தந்தபோது மணி இரண்டு முப்பத்தெட்டு.

எலிஹியோ விரல்களை மேசைக்கு அடியில் மெல்ல நிமிர்த்தினார். கேமராக்காரர்கள் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். டன்மோர் மரச்சுத்தியைக் கையில் எடுத்தார்.

"மரபுப்படி சாட்சியைக் கேட்கிறேன். கடைசியா ஏதாச்சும் சொல்லணுமா?"

பின்னால் லாரல் தலையை இடமும் வலமும் ஆட்டியது மேசைக் கண்ணாடியில் தெரிந்தது. 'சொல்ல ஒன்றுமில்லை, ஐயா' என்பது எலிஹியோவின் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து டன்மோர் சுத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்க் குவளையை எடுத்தார். ஹேல் அம்மையார் தன் காகிதத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். இன்னும் ஒரு தாத்தா பாக்கி இருக்கிறாரோ என்று எலிஹியோவுக்குத் தோன்றியது. ஆலையில் சங்கிலி நின்றுவிடப் போகிறது என்று தெரிந்தால் ஆட்கள் கத்துவார்கள். கத்தினால்தான் ஓடும். அந்தப் பழக்கம்.

"ஐயா, கொஞ்சம் சீக்கிரம் முடிச்சா நல்லாருக்கும். மூணு மணிக்கு என் வழக்கு இந்த ரூம்லதான். பதினோரு வருஷமாக் காத்திருக்கேன். திங்கக்கிழமை என் பொண்ணுக்கு இருபத்தொண்ணு ஆகுது. அப்புறம் வழக்கே இல்ல."

வயர் சுருட்டியவர்கள் திரும்ப விரித்தார்கள்.

"இதுதான்!" என்று ஹேல் அம்மையார் மேசையைத் தட்டினார். "காலையிலேருந்து நாம தேடிட்டிருந்தது இதுதான்!"

டன்மோரின் குரல் தழுதழுத்தது. "என் மதிப்புக்குரிய நண்பர் சொல்றதை வாழ்க்கையில முதல் தடவையா ஒத்துக்கறேன். தாமதம்னா என்னன்னு இந்த மனுஷன் நம்ம கண்ணைத் திறந்துட்டாரு. இதை இப்படியே விட்டுட்டுப் போறது இந்தக் குழுவுக்கு அழகில்லை. ஆளுக்குப் பத்து நிமிடம், இரண்டாம் சுற்று. ஆட்சேபம் உண்டா?"

எலிஹியோ கையைத் தூக்கினார்.

"சாட்சிக்கு ஆட்சேபம் சொல்ல உரிமை கிடையாது. ஒருமனதாக நிறைவேறியது."

குடியேற்ற விஷயத்தில் இரண்டு கட்சிகளும் ஒருமனதாக ஒன்றைச் செய்தது பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான். உறுப்பினர்கள் எழுந்து நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள். அதற்கு ஆறு நிமிடம்.

"இந்த மனிதரை இனி ஒரு நிமிடம்கூடக் காக்கவைக்கக் கூடாது!" என்று முழங்கிய ஹேல் அம்மையார் அதைப் பத்து நிமிடம் விளக்கி, மேலும் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கினார். அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. "இருங்க. இருபத்தொண்ணு ஆயிட்டா, பொண்ணே அப்பாவுக்காக மனு போடலாமே! சட்டத்துல இடம் இருக்கே! அப்ப திங்கக்கிழமை உங்களுக்கு ஒரு பாதை திறக்குது, எலிஹியோ!" பாதைக்காரர்கள் கைதட்டினார்கள்.

லாரலால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டார். "அம்மா, இவரு அனுமதி இல்லாம வந்தவரு. பொண்ணு மனு போட்டாலும், விசாவை வாங்க இவரு நாட்டை விட்டு வெளிய போகணும். வெளிய கால் வச்சா பத்து வருஷத்துக்கு உள்ள விடமாட்டீங்க. அதுவும் நீங்க போட்ட சட்டம்தான்!"

"துணைக்கு வந்தவர் பேசக் கூடாது," என்றார் டன்மோர். காவலர் வந்து லாரலை உட்காரவைத்தார். டன்மோர் மலர்ந்த முகத்தோடு தொடர்ந்தார். "இதைத்தான் நானும் சொல்றேன். முறையான வழி இருக்கு. வெளிய போங்க, பத்து வருஷம் வரிசையில நில்லுங்க, முன்வாசல் வழியா வாங்க. எங்க தாத்தா வரலையா?"

"உங்க தாத்தாவை நிக்க வச்சது பத்து வருஷமா, ஐயா?" என்று எலிஹியோ கேட்டார். பெயர்ப்பலகை வைத்த பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி அது. மைக்கை அணைத்திருந்தார்கள்.

மூன்று அடித்தது. மூன்றரை ஆயிற்று. யாரும் மீதி நேரத்தைத் திருப்பித் தரவில்லை. சங்கிலி ஓடிக்கொண்டே இருந்தது. தான் அதன் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று எலிஹியோவுக்கு இப்போது சந்தேகமாக இருந்தது.

நாலு இருபதுக்குப் பக்கவாட்டுக் கதவு திறந்தது. வழுக்கைத் தலை மனிதர் ஒருவர், கையில் தடிமனான கோப்போடு எட்டிப் பார்த்தார். எலிஹியோ பாதி எழுந்தார். நீதிபதி அவரையும் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார், மேடையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து எல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரையும் பார்த்தார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

குழு ஐந்து பத்துக்கு முடிந்தது. தாமதத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. மதில்காரர்களின் அறிக்கை பாதைக்காரர்கள் என்றது. பாதைக்காரர்களின் அறிக்கை மதில்காரர்கள் என்றது. இரண்டு தரப்பும் சாட்சி எண் மூன்றை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டன. மஞ்சள் ஹெல்மெட்டை ஒருவர் அவர் தலையில் வைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நீதிபதி ஊரில் இல்லை. தேங்கிக் கிடக்கும் வழக்குகளைக் குறைப்பதற்காக அவரை வேறு மாநிலத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது எலிஹியோ பாலில் ஊறிய கேக் ஒன்று வாங்கி வந்தார். மஜோக்கும் வந்திருந்தார். கூரை இடிக்கும் என்று எப்போதும்போலக் குனிந்தே நின்று பாட்டுப் பாடினார். யெசெனியா மெழுகுவத்தியை ஊதினாள்.

"அப்பா, இனிமே நீ போனா எனக்குக் கஷ்டமே வராதாமே," என்றாள்.

மஜோக் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எலிஹியோ அவள் முன்னால் மாத்திரையையும் தண்ணீரையும் வைத்தார். அவள் விழுங்கிவிட்டு, கேட்காமலேயே நாக்கை நீட்டிக் காட்டினாள்.

இரண்டு வாரம் கழித்துத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கூடவே ஒரு கடிதம். சாட்சிகள் தாங்கள் சொன்னதைப் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் திருத்தி, பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். தங்கள் வாயால் சொன்னதை மட்டுமே திருத்தலாம். மற்றவர் பேச்சில் கை வைக்கக் கூடாது.

எலிஹியோவுக்கு எழுத்து வந்தது முப்பத்தாறு வயதில். வேலை முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில், மடங்கிய விரலில் பென்சிலைச் செருகிக் கற்றுக்கொண்டது. விரலை வைத்து வைத்துத்தான் படிப்பார். ஒன்பது சாயங்காலம் படித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அவருடையது இருபத்தொன்பது 'ஆமாம்', பதினாலு 'இல்லை'. மைக் அணைந்திருந்தபோது கேட்ட கேள்வி எங்கும் இல்லை. நூற்றிருபதாம் பக்கத்தின் அடியில் மட்டும் நாலைந்து வரி சேர்ந்தாற்போல இருந்தது. 'கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது' என்று தொடங்கியது.

பென்சிலை எடுத்து அந்த வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். கோடு நேராக வர ஒரு அட்டையை வைத்துக்கொண்டார். அவற்றின் மேலே, கோணல் மாணலான எழுத்தில், சரியாக வரும்வரை இரண்டு தடவை அழித்து எழுதினார்: 'சொல்ல ஒன்றுமில்லை, ஐயா.'

சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தின் முதல் வரி ஹேல் அம்மையாருடையது. அதில் கை வைக்க அவருக்கு உரிமை இல்லை.

'இதுதான்! காலையிலிருந்து நாம் தேடிக்கொண்டிருந்தது இதுதான்!'